பத்த வைக்கிறது யாரு?

ஒரு பூங்காவில் ஓடிய நீராவி ரயிலின் பாய்லரைச் சோதித்து நான் கொடுத்த அறிக்கையில் இன்றைக்கும் ஒரு எண்ணைக்கூட மாற்ற மாட்டேன். நெருப்புப் பெட்டியின், அதாவது பாய்லருக்குள் நெருப்பு எரியும் அறையின், தகடு அடிப்பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. தகட்டின் தடிமனை அளக்கும் அல்ட்ராசானிக் கருவி காட்டிய அளவுகளை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் டியூப்களையும் மொத்தமாக மாற்ற வேண்டிய கட்டம். இந்த நிலையில் ஓட்டக் கூடாது என்று எழுதினேன். மேல் கூட்டை வைத்துக்கொண்டு கீழே பேட்டரி மோட்டார் பொருத்தலாம், பாய்லரை வெட்டாமல் ஈரம் படாதபடி மூடி வைக்கலாம், பின்னால் பணம் கிடைத்தால் நீராவிக்கே திரும்பலாம் என்றும் பரிந்துரைத்தேன்.

அந்தக் கடைசி வரிதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அதை டிரைவரிடம் நானே போய்ச் சொன்னேன். நிர்வாகத்தின் கடிதத்தில் அவர் அதைப் படிக்க நேரக் கூடாது என்று நினைத்தேன். "வருத்தப்படாதீங்கண்ணே, பாய்லரை வெட்ட மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சுக்கூடப் பத்த வைக்கலாம்" என்றேன்.

"சரி சார். அப்போ பத்த வைக்கிறது யாரு?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. பதில் தெரிந்தால் நல்லது என்பது போலத்தான் கேட்டார். "யாராவது இருப்பாங்கண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பூங்காக்களில் நீராவி குறைந்துபோனது யாரோ ஒருவர் ரசனை இல்லாமல் எடுத்த முடிவால் அல்ல. டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினால் ஓடும். நீராவிக்குக் கதவு திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே ஆள் வர வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தகடுகள் ஒரே சீராக விரியாது, இணைப்புகள் கசியும். தண்ணீரைப் பதப்படுத்த வேண்டும், அடியில் சேரும் வண்டலை வெளியேற்ற வேண்டும், ஆய்வுக்காக அவ்வப்போது வண்டியை நிறுத்த வேண்டும். இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் நார்த் பே ரயில் 1931-இல் திறந்தபோதே நீராவி இன்ஜின் தோற்றத்துக்குள் டீசலைத்தான் வைத்தார்கள். அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் 1960களில் தொடங்கி உலகமெங்கும் விற்ற சி. பி. ஹன்டிங்டன் ரயிலுக்கு முகம் 1863-இல் கட்டிய நீராவி இன்ஜினுடையது, உள்ளே வேறு இன்ஜின். 2005-இல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டிலும் அப்படித்தான். பூங்காக்களுக்கென்றே நிஜ நீராவி இன்ஜின்கள் கட்டிக்கொடுத்த பென்சில்வேனியாவின் கிரவுன் மெட்டல் புராடக்ட்ஸ் 1980களின் இறுதியில் மூடப்பட்டது. அவர்கள் இன்ஜினுக்கு இன்று ஒரு பாகம் வேண்டுமென்றால் வார்ப்படம் செய்துதான் கடைந்தெடுக்க வேண்டும்.

இதெல்லாம் சரி. ஆனால் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1955-இல் முதல் நாளன்று ஓடிய இரண்டு இன்ஜின்களும் இன்றும் நீராவியில்தான் ஓடுகின்றன. எரிபொருள்தான் மாறியிருக்கிறது, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல். அவர்களிடம் பணம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம், நானும் அப்படிச் சொல்லித்தான் சமாதானமானேன். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1928 முதல் ஓடும் லிலிபுட் ரயில் இருக்கிறதே? அங்கே சாதாரண நாட்களில் டீசல், வார இறுதியிலும் விடுமுறையிலும் நீராவி. சில நாட்கள் மட்டும் எரிந்தாலும் அந்த நெருப்புக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறார். அவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் கற்றுக்கொள்ள முடியும்.

அந்த வழியையும் அறிக்கையில் வைத்திருந்தேன். சில நாட்கள் ஓட்டினாலும் பாய்லரைச் செப்பனிடும் செலவு அதேதான், ஆய்வுச் செலவும் அதேதான் என்று நிர்வாகம் சொன்னது. கணக்கில் பிழை இல்லை.

அந்த டிரைவரோடு கேபினில் நின்று போயிருக்கிறேன். இறக்கம் வருவதற்கு முன்பே இன்ஜெக்டரைத் திறந்து பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றுவார். இன்ஜினின் மூக்கு தாழும்போது தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும், பின்னால் இருக்கும் நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீருக்கு வெளியே தெரிந்துவிடக் கூடாது. நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்த பிறகும் நீர்மட்டத்தைச் சோதிக்கப் பாய்லரில் இருக்கும் சிறு குழாய்களைத் திறந்து பார்ப்பார், கண்ணாடி அடைத்துக்கொண்டால் பொய் சொல்லும் என்பார். இன்ஜெக்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதா இல்லையா என்பதைப் பேசிக்கொண்டே காதால் தெரிந்துகொள்வார்.

1995-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சுற்றுலா நீராவி ரயிலில் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறப்பதில்லை. தண்ணீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் கூரை பிய்ந்தது, மூன்று பேர் வெந்து காயமடைந்தார்கள். கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிவம் அடைத்திருந்தது. ஓட்டியவர்களுக்குப் போதிய பயிற்சியும் இல்லை. அதற்குப் பிறகு அங்கே ஆய்வு விதிகளை மாற்றினார்கள். நெருப்பு எரிந்த நாட்கள் 1472 ஆனாலோ, 15 ஆண்டுகள் கடந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அறிக்கை எழுதும்போது இந்த விபத்து எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெலிந்த தகட்டோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டக் கூடாது என்று உறுதியாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே விபத்து என் கடைசி வரிக்கு எதிராகவும் பேசுகிறது. பாய்லரைப் பத்து வருஷம் கெடாமல் வைக்கலாம், அதற்கு முறைகள் உண்டு. பத்து வருஷம் எந்த இன்ஜினையும் பத்த வைக்காத ஒருவர் அதன் முன்னால் போய் நின்றால்? ஆபத்தைக் குறைக்கிறேன் என்று ஒதுக்கி வைத்ததை, இன்னும் ஆபத்தான கைகளுக்கு அனுப்புகிறேனோ?

பாய்லரை வெட்டி எடைக்குப் போடச் சொல்லியிருக்கலாமா என்றால் அதற்கும் மனம் ஒப்பவில்லை. வெட்டிவிட்டால் எந்தப் பேச்சும் இல்லை. மூடி வைத்திருப்பதால்தான் அவருடைய கேள்விக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அவரே இப்போது பேட்டரி ரயிலை ஓட்டுகிறார். கூட்டம் குறையவில்லை என்று கேள்விப்பட்டேன், அது எனக்கு நிம்மதி தருகிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு பூங்காவிலிருந்து இதே மாதிரி இன்ஜினைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். தகடு மெலிந்திருந்தால் அங்கேயும் நிறுத்தத்தான் சொல்வேன். பாதுகாத்து வைக்கும் செலவில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன்: இப்போது இருக்கும் டிரைவர், கற்றுக்கொள்ள ஒரு இளைஞர், இருவரும் ஆண்டுதோறும் சில வாரங்கள் வேறு எங்காவது ஓடும் நீராவி இன்ஜினில் வேலை செய்வதற்கான சம்பளமும் பயணமும். அதைச் சேர்த்தால் மொத்தத் தொகையைப் பார்த்து, பாய்லரையே வெட்டிவிடலாம் என்று அவர்கள் முடிவெடுக்கவும் கூடும். இன்னும் எழுதி முடிக்கவில்லை.