ரோகு மீனின் ஹார்மோனை மனிதச் செல்லில் சுரக்க வைத்த கதை

ஈ.கோலை பாக்டீரியாவில் மீன் வளர்ச்சி ஹார்மோனைத் தயாரித்தால் அளவு நிறையவே கிடைக்கும், ஆனால் பெரும்பகுதி கரையாத கட்டியாக உள்ளேயே படிந்துவிடும். அதை யூரியாவில் கரைத்து, மறுபடி ஒழுங்காக மடிய வைத்து, எவ்வளவு தேறியது என்று பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் எங்கள் லேபில் ரோகு மீனின் வளர்ச்சி ஹார்மோன் ஜீனை ஹெக்293 என்ற மனிதச் செல்லில் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. ஜீனைப் பற்றிச் சந்தேகம் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியன் குழு ரோகுவின் ஜீனை ரோகுவுக்கே ஏற்றி, வேகமாக வளரும் மீனை 2004-லேயே காட்டிவிட்டது. எங்களுக்கு மீன் வேண்டாம், ஹார்மோன் வேண்டும்.

இந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை மீன் தலையிலிருந்து எடுப்பது பெரிய வித்தை இல்லை. 1957-இல் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்ததிலிருந்து பண்ணைக்காரர்கள் செய்துவரும் வேலைதான். மண்டையைத் திறந்து மூளையைத் தூக்கினால் சுரப்பி கூடவே வராது, அடியில் ஒரு குழியில் சவ்வுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். அவர்கள் அதை ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். எங்களுக்கு ஜீனின் நகலான ஆர்என்ஏ சிதையாமல் வேண்டும் என்பதால் உயிர்மீன் வாங்கி, எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போட்டோம்.

ஜீனை அப்படியே எடுக்காமல், அந்த ஆர்என்ஏவிலிருந்து திருப்பி எழுதிய சிடிஎன்ஏவாக எடுத்ததற்குக் காரணம் இன்ட்ரான்கள், அதாவது ஜீனுக்கு நடுவே வரும், புரதமாக மாறாத துண்டுகள். பாலூட்டிச் செல் மீனின் இன்ட்ரானைச் சரியாக வெட்டி ஒட்டும் என்று நம்பி இறங்க முடியாது. சிடிஎன்ஏ என்றால் சுமார் 630 எழுத்துதான், முன்னால் இருக்கும் சிக்னல் பெப்டைடையும் விடாமல் எடுத்தோம், அது இருந்தால்தான் செல் ஹார்மோனை வெளியே தள்ளும். ஜீனைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட், பிசிடிஎன்ஏ3.1. அதில் ஜீனை இயக்கும் சிஎம்வி புரோமோட்டர் முன்னால், பின்னால் ஆர்என்ஏவை முடித்துவைக்கும் பாலிஏ சிக்னல், அந்த பாலிஏ மாட்டு வளர்ச்சி ஹார்மோன் ஜீனிலிருந்து வந்தது! மீன் ஹார்மோனுக்கு மாட்டு வால்.

டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் ஏற்றுவது) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செல் எழுபது எண்பது சதவீதம் தட்டை நிரப்பியிருக்கும்போது போடுங்கள், பக்கத்துத் தட்டில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் ஜீனைப் போடுங்கள், மறுநாள் பச்சை தெரிந்தால் நிம்மதி. ஜீன் ஆர்என்ஏவாக எழுதப்படுகிறதா என்று பார்க்கும் ஆர்டி-பிசிஆரிலும் பேண்ட் அழகாக வந்தது.

புரதம்தான் படுத்தியது. செல் வளரும் திரவமான மீடியத்தை அப்படியே எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) போட்டால் ஒன்றும் புரியாது. மீடியத்தில் சேர்க்கும் கன்றின் சீரத்தில் உள்ள அல்புமின் ஜெல்லின் லேன் முழுவதையும் அடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கோணலாக ஓடவைக்கும். போதாததற்கு அந்த சீரத்தில் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனும் இருக்கும், நம்முடையதைப் போலவே 22 கிலோடால்டன் பக்கத்தில், ஆன்டிபாடி கொஞ்சம் ஒட்டினாலும் எது மீன் எது மாடு என்று தெரியாது. மறுநாள் செல்களை இரண்டு முறை கழுவி, சீரம் இல்லாத மீடியம் ஊற்றி, 48 மணி நேரம் கழித்து எடுத்துச் செறிவாக்கியதும் பேண்ட் தனியாக நின்றது, வெறும் பிளாஸ்மிட் போட்ட தட்டில் அந்த இடம் காலி. அந்தக் காலி லேன் இல்லாமல் யாரிடமும் படத்தைக் காட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடி சேர்க்காமல் ஓடவிட்ட ஜெல்லில் 44 கிலோடால்டன் பக்கத்தில் இன்னொரு பேண்ட். கெண்டைக் குடும்பத்து வளர்ச்சி ஹார்மோனில் ஐந்து சிஸ்டீன் (கந்தகத்தால் ஜோடி சேரும் அமினோ அமிலம்), மற்ற மீன்களில் பொதுவாக நான்கு. நான்கும் ஜோடி சேர்ந்த பிறகு தனியாக நிற்கும் ஐந்தாவது இன்னொரு மூலக்கூறின் ஐந்தாவதோடு கைகோத்துக்கொண்டால் இரட்டை. டிடிடி சேர்த்ததும் அந்த மேல் பேண்ட் மறைந்துவிட்டது, கைடும் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

இன்குபேட்டரை 37 டிகிரியிலிருந்து 32-க்கு இறக்கியதில் எங்களுக்கு விளைச்சல் கொஞ்சம் கூடியது, செல் மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை. ஜீனை நிரந்தரமாக வைத்திருக்கும் செல் லைன் வேண்டும் என்று, பிளாஸ்மிட் ஏறாத செல்களைக் கொல்லும் ஜி418 மருந்து போடப் போகிறவர்கள் முதலில் உறையவைத்த குப்பியின் லேபிளைப் படியுங்கள்: ஹெக்293-இன் மாற்று வகையான 293டி என்றால் அதில் அந்த எதிர்ப்பு ஜீன் ஏற்கெனவே இருக்கிறது, எவ்வளவு ஊற்றினாலும் எல்லாச் செல்லும் சந்தோஷமாக வளரும். ஹைக்ரோமைசின் என்ற வேறு மருந்துக்கான எதிர்ப்பு ஜீன் உள்ள பிளாஸ்மிட்டுக்கு மாறிவிடுங்கள்.