காணி உறுதியைப் படிக்கும் விதம்

யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசாகத் தொழில் செய்பவர் காணியைப் பார்ப்பதற்கு முன் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். மூன்று பரப்புக் காணியை விற்க வேண்டும் என்று ஒருவர் உறுதியோடு, அதாவது காணிப் பத்திரத்தோடு, வந்து அமர்ந்தால், என் முதல் கேள்விகள் காணியைப் பற்றியவை அல்ல. தாய்வழியில் வந்ததா, தந்தைவழியிலா? சீதனமா? திருமணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியதா? கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்? கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் வீண் விசாரணையாகத் தெரியும். ஆனால் இவற்றுக்குப் பதில் தெரியாமல் முடிக்கப்படும் உறுதி, ஒரு நாள் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

இந்தக் கேள்விகள் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலிருந்து வருபவை. 1707 இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, இங்கே நெடுங்காலம் வாழ்ந்த திசாவை (நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாண மக்களின் வழக்கங்களை எழுத்தில் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து உள்ளூர்த் தலைவர்களான 12 முதலிமாரிடம் கொடுத்து, சரி என்று ஒப்புதலும் பெற்றார்கள். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். முன்னோரிடமிருந்து வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியது தேடியதேட்டம் என்ற பிரிவுகள், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும் 1947 இன் திருத்தத்தாலும் உருமாறி இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

அந்த 12 பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் காணி உடையவர்கள். அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. தலைமுறைகளாக ஒரே குடிசையில் வாழ்ந்தும் ஒரு குழி நிலத்துக்குக்கூட உறுதி இல்லாத குடும்பங்கள் என் மேசைக்கு வரும்போது, 1707 எனக்குத் தொலைவில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. வழமை என்று நாம் பெருமையோடு சொல்லும் பலவும் உடையவர்களின் வழமைதான்.

ஆனாலும் அதற்குள் ஓர் அறிவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பங்காளிகளுக்குத் தெரியாமல் வெளியாளுக்குக் காணி விற்க முடியாது. ஒல்லாந்தர் காலத்தில் விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. வெளியாளுக்கு முன் தாமே வாங்கிக்கொள்ளும் பங்காளிகளின் உரிமைதான் முன்வாங்கல் உரிமை. 1947 இன் முன்வாங்கல் உரிமைச் சட்டம் அந்த உரிமையை இணை உரிமையாளருக்கும் வாரிசாகக் கூடியவருக்கும் என்று சுருக்கியது. அது ஆளைப் பற்றிய உரிமையாக நிற்காமல், வடமாகாணத்துக் காணியோடு ஒட்டிய உரிமையாக நிற்கிறது. வாங்குகிறவரோ விற்கிறவரோ எந்த இனத்தவராக இருந்தாலும் அது பொருந்தும். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்பவர்களை ஒரு தோட்டக் கிணற்றுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. அதனால் உறுதியில் நிலத்தின் அளவு மட்டும் இருக்காது. கிணற்றில் நாலில் ஒரு பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதியிருக்கும். எந்தப் பங்குக்கு எந்த நாளில் இறைப்பு முறை என்பது பெரும்பாலும் எழுத்தில் இராது. அது ஊருக்குத் தெரியும். முறை தெரியாத ஒருவர் அந்தப் பங்கை வாங்கிவிட்டால் நாலு குடும்பங்களின் தண்ணீர் குழம்பும். எல்லையும் இப்படித்தான். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்ட உயிர்வேலிகளில் ஒரு கதியால் (வேலிக்கு நட்ட கிளை) பட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்றை நடுவார்கள். அது ஒரு சாண் நகர்ந்துவிட்டால் இரண்டு வீடுகளுக்கு இடையே பேச்சு நின்றுபோகும். வழக்குக்குப் போன பிறகும், பக்கத்து வீட்டில் செத்தவீடு என்றால் அதே வேலியின் பொட்டுக்குள்ளால் (இடைவெளியால்) நுழைந்து போய் முன்னுக்கு நிற்பார்கள்.

இந்த வேலிகளைத்தான் போர் முதலில் அழித்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து போனவர்களில் பலரால் இருபது ஆண்டுகளுக்கு மேல் திரும்பவே முடியவில்லை. காணி விடுவிக்கப்பட்டபோது வேலி இல்லை, பனை இல்லை, சில இடங்களில் கிணறே தூர்ந்திருந்தது. உறுதியை விரித்தால் ‘வடக்கு, இன்னாருடைய காணி’ என்று இருக்கிறது; அந்த இன்னார் இறந்து, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். நில அளவையாளர் நாள் குறித்தால், ஊரின் வயோதிபர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, அவர் காட்டும் அத்திவாரக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. இணை உரிமையாளர்களின் கையொப்பங்களுக்காக அற்றோணித் தத்துவங்கள் (தமக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரங்கள்) ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்து சேர வேண்டும். ஒரு வளவில் ஒருவருக்கு 48 இல் ஒரு பங்கு என்பதெல்லாம் இங்கே வியப்பான கணக்கு அல்ல.

இந்த நிலையில்தான் அரசின் அறிவித்தல்கள் வருகின்றன. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. 2025 மார்ச்சில் வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் தொடர்பாக, உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் நிரூபிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது மீளப்பெறப்பட்டது. அந்த வாரங்களில் இரவிலும் தொலைபேசி ஓயவில்லை. ஒருவரும் உரிமை கோராத காணி என்று கோப்பில் எழுதுவது எளிது. என் அனுபவத்தில் அப்படிப்பட்ட காணிக்கு ஒருவர் இல்லை என்பது பிழை. முப்பது பேர் இருப்பார்கள், முப்பது பேரும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் நிலை. ஒரு காணியை 10 ஆண்டு தன் கைவசம் வைத்து ஆண்டுவந்தவருக்கு அது உரிமை என்ற விதி இடம்பெயர்ந்தவர்களுக்கு அநீதி செய்கிறது என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. அதே நியாயம் அரசின் மூன்று மாதக் கெடுவுக்கும் பொருந்த வேண்டாமா?

அரசைக் கேட்கும் அதே குரலில் எங்கள் வழமையையும் கேட்க வேண்டும். 1911 ஆம் ஆண்டின் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனம் (உயில்) எழுத மட்டும் வேண்டியதில்லை. அதாவது இறந்த பிறகு நடக்கப்போவதை அவளே தீர்மானிக்கலாம். உயிரோடு இருக்கும்போது முடியாது.

போரின் இறுதி மாதங்களில் கணவனைத் தொலைத்த ஓர் அம்மா, தன் தாய் தந்த வளவில் பாதியை மகளுக்கு நன்கொடையாக எழுத வந்தார். சம்மதக் கையொப்பம் இட ஆள் இல்லை. 2010 இன் சட்டப்படி காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்யலாம் என்றேன்.

“அந்தக் கிணற்றை அவர்தான் வெட்டினார், தம்பி. அவர் செத்துப்போனார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?”

மிஞ்சிய வழி, கணவன் இருக்குமிடம் தெரியாது என்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து நீதிபதியின் அனுமதியைப் பெறுவது. அதைச் செய்தோம். மாதங்கள் சென்றன, செலவும் ஆனது. மகளின் திருமணம் நன்கொடை உறுதி முடிவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஒரு பெண் தன் தாயிடமிருந்து பெற்ற மண்ணைத் தன் மகளுக்குக் கொடுக்க நீதிபதியிடம் போய் நிற்க வைக்கும் அந்தப் பிரிவை நீக்க வேண்டும். முன்வாங்கல் உரிமையைத் தொட வேண்டியதில்லை, கிணற்றுப் பங்கைத் தொட வேண்டியதில்லை. தேசவழமையின் மற்றச் சுவர்கள் அப்படியே நிற்கும்.