கேமரா மாத்திரை விழுங்கப் போகிறவர்களுக்கு

எனக்கு ஹீமோகுளோபின் நிற்கவே இல்லை. இரும்புச்சத்து ஊசி போட்டால் ஏறும், கொஞ்ச நாளில் இறங்கிவிடும். வாய் வழியாக எண்டோஸ்கோப்பி, கீழ் வழியாக கொலோனோஸ்கோப்பி எடுத்தும் இரண்டிலும் ஒன்றுமில்லை. “அப்போ சிறுகுடல்ல எங்கேயோ கசியுது” என்றார் மதுரை டாக்டர். அந்த இரண்டு குழாயும் எட்டாத, பல மீட்டர் நீளமுள்ள இடம் அது. அதற்குத்தான் கேப்சூல் எண்டோஸ்கோப்பி: குட்டி கேமரா வைத்த மாத்திரையை விழுங்கினால் அது குடல் வழியே போய்க்கொண்டே படம் எடுக்கும். அமெரிக்காவில் 2001-லேயே அனுமதி பெற்ற சோதனை. கீழக்கரையில் எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கூட வந்த வாப்பாவுக்கு ஒரே சந்தேகம்: “டாக்டர், இதை ரிமோட்ல ஓட்டுவீங்களா?” அவர் பொறுமையாகச் சொன்னார். வெளியிலிருந்து காந்தத்தால் திருப்பி ஓட்டுகிற கேப்சூலும் உண்டு. ஆனால் அது முக்கியமாக இரைப்பைக்கு. தண்ணீர் குடித்து விரிந்த இரைப்பையில் திருப்ப இடம் இருக்கும். எனக்குக் கொடுப்பது குடல் தள்ளுகிற தள்ளில் தானாகப் போவது. “இன்ஜின் நின்ன வள்ளம் நீவாட்டுல (நீரோட்டத்தில்) போற மாதிரி” என்று வாப்பாவே முடித்துவைத்தார்.

முன்பு வயிற்றில் ஆபரேஷன் உண்டா, சாப்பிட்டதும் வயிறு இழுத்துப் பிடிக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். குடல் எங்காவது சுருங்கியிருந்தால் கேப்சூல் அங்கேயே சிக்கிவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் தானாகக் கரைகிற வெறும் கேப்சூலைக் கொடுத்துப் பார்ப்பார்களாம்.

இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். குடலில் கறுப்பாகப் படிந்து படத்தைக் கெடுக்குமாம். பட்டினி ஒன்றும் பெரிதில்லை, நோன்பு பிடித்துப் பழகிய உடம்பு. பேதி மருந்துதான் பாடாய்ப்படுத்தியது. உப்புக் கரித்த அந்தத் தண்ணீரைக் குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் இறங்கும். ஒன்று மட்டும் கேளுங்கள்: அதை ஊரில் குடித்துவிட்டு மதுரை பஸ் ஏறாதீர்கள். முந்தின நாளே போய் லாட்ஜில் தங்குங்கள், கக்கூஸ் உள்ள அறையாகப் பார்த்து.

கேப்சூல் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். உறையிலிருந்து எடுத்ததும் பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பித்துவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீரில் இறங்கியது, அவ்வளவுதான். வயிற்றைச் சுற்றி சென்சார் பெல்ட், தோளில் ரெக்கார்டர் பை. இரண்டு மணி நேரம் கழித்து இளநீர், நாலு மணி நேரம் கழித்து இட்லி. எம்.ஆர்.ஐ. பக்கமே போகக்கூடாது என்றார்கள். மற்றபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். அது எட்டு மணி நேரத்துக்கு மேல் நொடிக்கு இரண்டு படமாவது எடுத்துக்கொண்டே போனது.

அத்தனை படத்தையும் பார்த்து முடிக்க அவர்களுக்கும் நேரம் வேண்டுமே, ரிசல்ட் உடனே வரவில்லை. வந்தபோது சிறுகுடலின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி: வீங்கிய ரத்தக்குழாய். கேப்சூலுக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும். சதை எடுக்கவோ கசிவை அடைக்கவோ முடியாது. பிறகு பலூன் வைத்த நீளக் குழாயை விட்டுச் சுட்டு அடைத்தார்கள்.

கேப்சூலைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, படமெல்லாம் ரெக்கார்டரில் இருக்கிறது. வெளியே போனதை நான் கவனிக்கவில்லை. அதனால் ராமநாதபுரத்தில் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தேன்; உள்ளே இல்லை.