நடுக்கடலில் ஒரு ஆக்டிவேஷன்

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி ஆறாவது நாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரைநாள்தான் வேலை. மெஸ்ஸில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து, பாய்லர் சூட்டைக் கழற்றிப் போட்டு, கேபின் கதவைச் சாத்தி லேப்டாப்பைத் திறந்தேன். நான்கு மாதமாக ஆசைப்பட்டு வாங்கிய கேம். வீட்டிலேயே நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் பெட்டியில் வைத்தேன். ஐகானைத் தட்டினேன். கேம் வரவில்லை, ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டி வந்தது. இந்தக் கணினியில் இந்த கேமை ஓட்ட அனுமதி இல்லையாம். இன்டர்நெட்டில் இணைத்துவிட்டு மறுபடி முயல வேண்டுமாம்.

போர்ட்ஹோல் வழியாக எட்டிப் பார்த்தேன். இந்தியப் பெருங்கடல்தான் இருந்தது.

நான் சரக்குக் கப்பலில் தேர்ட் எஞ்சினியர். ஊர் தூத்துக்குடி. இந்த முறை ஆறு மாத ஒப்பந்தம். சிங்கப்பூரில் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு காலிக் கப்பலாகப் பிரேசிலின் துபராவ் துறைமுகம் போய், இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு சீனாவுக்குத் திரும்ப வேண்டும். போகும்போது ஒரு மாதம், திரும்பும்போது அதைவிடக் கூடுதல். நடுவில் கரை கிடையாது.

கப்பலில் இன்டர்நெட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கப்பலில் ஆளுக்கு மாதம் 1 ஜிபி. வாட்ஸ்அப் வரும், மெயில் வரும், கனமில்லாத வெப் பக்கங்கள் முக்கி முனகி வரும். கேம் சர்வர் மாதிரி விஷயங்களைக் கப்பல் நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் விடாது. அப்படியே விட்டாலும், லேப்டாப்பை வைஃபையில் இணைத்த அடுத்த நிமிடமே விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் பின்னணியில் அப்டேட் இறக்க ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் பேச வைத்திருக்கும் 1 ஜிபி டீ குடித்து முடிப்பதற்குள் காலி. அதனால் கப்பலில் லேப்டாப்புக்கு நெட் கொடுப்பதில்லை என்பது என் பழைய விரதம்.

முதல் ஒப்பந்தத்தில் இந்த விவரமெல்லாம் தெரியாமல் போய் ஏமாந்தவன் நான். இந்த முறை கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே தயாரிப்பில் இறங்கினேன். ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கியிருப்பதும், அது நெட் இல்லாத இடத்தில் ஓடுவதும் வேறு வேறு. இதில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம் நிம்மதியானது. ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கும் கேம்களுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று தனியாகக் கோப்பு கொடுப்பார்கள். பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், அதோடு 4 ஜிபி வரை வரும் துண்டுகளும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டால், எந்தக் கணினியிலும் யாரையும் கேட்காமல் ஏற்றலாம். ஒரு துண்டு குறைந்தாலும் பாதியில் நின்றுவிடும் என்பதால், இறக்கிய கையோடு ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இப்படி இரண்டு பழைய கேம்களை எடுத்துக்கொண்டேன். இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டாவது ரகம் ஸ்டீம் மாதிரி ஆன்லைன் கேம் கடைகளின் ஆஃப்லைன் மோட், அதாவது நெட் இல்லாமல் ஓட்டும் வசதி. இதற்குக் கொஞ்சம் பூஜை புனஸ்காரம் உண்டு. நெட் இருக்கும்போதே உள்ளே நுழைந்து, பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அடித்திருக்க வேண்டும். கேம் முழுதாக அப்டேட் ஆகியிருக்க வேண்டும். பாதி அப்டேட்டில் கிளம்பினால் ‘அதை முடித்துவிட்டு வா’ என்று சொல்லிவிடும். ஒவ்வொரு கேமையும் ஒருமுறையாவது திறந்து, முதல் மெனு வரை போய்விட்டு வர வேண்டும். முதல் தடவை திறக்கும்போதுதான் சில துணை மென்பொருள்கள் நிறுவப்படும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ‘ஆஃப்லைனுக்குப் போ’ என்பதைத் தட்ட வேண்டும். நான் அதோடும் விடவில்லை. வீட்டு ரவுட்டரை அணைத்து, லேப்டாப்பையும் அணைத்துப் போட்டு, ஒவ்வொரு கேமையும் பத்து நிமிடம் விளையாடிப் பார்த்தேன். ரவுட்டரை ஏன் அணைத்தாய் என்று அம்மா சீரியல் நேரத்தில் போட்ட சத்தம் தனிக்கதை.

மூன்றாவது ரகம்தான் வில்லங்கம். கேமை ஒரு கடையில் வாங்கியிருப்போம். ஆனால் கேம் கம்பெனி கேமைத் திறக்கும் தன் சொந்த மென்பொருளான லான்ச்சரை நடுவில் உட்கார வைத்திருக்கும், அல்லது கேமுக்குள்ளேயே திருட்டுப் பிரதியைத் தடுக்கும் இன்னொரு பூட்டு இருக்கும். ஸ்டீம் பக்கத்தில் வலது ஓரத்தில், வேறு கம்பெனியின் அக்கவுண்ட் வேண்டும், வேறு கம்பெனியின் பூட்டு இருக்கிறது என்று சின்னப் பெட்டியில் போட்டிருப்பார்கள். தள்ளுபடி விலையைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பிசிகேமிங்விக்கி தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எந்தப் பூட்டு, ஆஃப்லைனில் ஓடுமா என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பு அதைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் வாங்கிவிட்டுத்தான் பார்த்தேன். எந்த கேம், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து விளையாடும் கேம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு எஞ்சினியராக ரசிக்கவே செய்தேன், கோபம் தணிந்த பிறகு. முதல்முறை கேமைத் திறக்கும்போது அது கணினியின் அங்க அடையாளங்களை எடுத்துக்கொள்கிறது. பிராசஸர் எது, விண்டோஸின் எந்தப் பதிப்பு என்பது மாதிரி. சர்வருக்கு அனுப்பி, அந்தக் கணினிக்கு மட்டும் பொருந்தும் ஒரு அனுமதிச் சீட்டை வாங்கி வட்டில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறையிலிருந்து நெட் தேவையில்லை, சீட்டைப் பார்த்து உள்ளே விட்டுவிடும். அங்க அடையாளம் மாறினால் மட்டும் பழைய சீட்டு செல்லாது.

என்ன மாறியது என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன். அப்புறம் பொறி தட்டியது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு சிங்கப்பூரில் ஹோட்டலில் தங்கினோம். அங்கே மெயில் பார்க்க லேப்டாப்பை ஹோட்டல் வைஃபையில் இணைத்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் திரை நீலமாக ‘அணைக்க வேண்டாம்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. வேன் வந்துவிட்டது, பாதியில் மூடிக்கொண்டு ஓடினேன். விண்டோஸின் பெரிய அப்டேட். வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்த ஒரு இரவில் போனது.

சாயங்காலம் டீ நேரத்தில், கப்பல் ஓட்டும் பிரிவு அதிகாரியான தேர்ட் மேட்டிடம் புலம்பினேன். அவன் சிரித்தபடி தன் ஹார்ட் டிஸ்க்கை நீட்டினான். அதே கேம், பூட்டு உடைத்த பதிப்பு. ‘காசும் கொடுக்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை, மூன்று நிமிடத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன்’ என்றான். சுருக்கென்றுதான் இருந்தது. வாங்கவில்லை, அதற்குக் காரணம் என் நேர்மை மட்டும் இல்லை. போன கப்பலில் ஒருவனுடைய இப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து வைரஸ் பரவி, பாதிப் பேருடைய லேப்டாப்பில் குடும்பப் போட்டோக்கள் போயின. கப்பல் கணினிகளில் பென்டிரைவ் சொருகக் கூடாது என்று ஒவ்வொரு பாதுகாப்புக் கூட்டத்திலும் கேப்டன் சொல்வது சும்மா இல்லை.

திரும்ப வந்து அந்தச் சாம்பல் பெட்டியை நிதானமாக வாசித்தேன். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வழி இருந்தது: இந்தக் கணினியில் நெட் இல்லையென்றால், கோரிக்கைக் கோப்பு ஒன்றைச் சேமித்து, நெட் உள்ள வேறு கருவியில் கீழ்க்கண்ட பக்கத்தில் ஏற்றவும். முதல் தடவை அவசரத்தில் மூடிவிட்டிருக்கிறேன். சேமித்தேன். சில கேபி அளவுள்ள சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தால் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் எழுத்தும் எண்ணும் நாலைந்து பத்தி. என் லேப்டாப்பின் கைரேகை.

யுஎஸ்பி கேபிளில் போனுக்கு மாற்றி, கப்பல் வைஃபையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் வந்தது. ‘நீ ரோபோ இல்லை என்று நிரூபி’ என்ற கட்டம் மட்டும் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 70 எம்பி போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஊரில் இருக்கும் தம்பியைப் பிடித்தேன். கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பி, என்ன செய்ய வேண்டும் என்று குரல் பதிவு போட்டேன். பதில் வந்தது: “ஏண்ணே, காசு கொடுத்து வாங்கின கேமுக்கு நடுக்கடல்ல இருந்து மனு போடுறியா? தாசில்தார் ஆபீஸ்லகூட இப்ப ஆன்லைன்ல குடுத்துடுறாங்க.” இதுவும் ஆன்லைன்தான்டா, அதுதான் பிரச்சினையே என்று பதில் போட்டேன்.

அரை மணியில் பதில் கோப்பு வந்துவிட்டது. அதை லேப்டாப்பில் கேம் இருக்கும் ஃபோல்டரில் போட்டேன். திறந்தேன். மறுபடி அதே சாம்பல் பெட்டி. அன்று இரவு நான் டியூட்டி எஞ்சினியர். இரண்டு மணிக்கு அலாரம் அடித்து, இறங்கிப் போய் இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டுவிட்டு வரும்போதும் மண்டையில் அந்தக் கோப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கோப்பின் பெயரைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி டவுன்லோட் பொத்தானை இரண்டு தடவை தட்டியிருக்கிறான். இரண்டாவதாக இறங்கிய பிரதிக்குப் போன் தானாகவே அந்த 1 என்ற வாலை ஒட்டி, அவன் அதைத்தான் அனுப்பியிருக்கிறான். கேம் தேடுவது வால் இல்லாத பெயரை. வாலை அழித்தேன், இடைவெளி உட்பட. ஐகானைத் தட்டினேன். கம்பெனி முத்திரை வந்து, இசை வந்து, மெனு வந்தது. பத்து விநாடி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வேலைக்கு மணியாகிவிட்டது.

இதைப் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு பின்வாசல் வைத்த கேம் என்பதால் பிழைத்தேன், எல்லாக் கம்பெனிகளும் வைப்பதில்லை. சில கேம்கள் ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்கும், அவற்றுக்குக் கப்பலில் இடமே இல்லை. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் கேமுக்கு எப்போதும் நெட் வேண்டும் என்றார்கள். வெளியான நாட்களில் சர்வர் கூட்டம் தாங்காமல், வீட்டில் நல்ல நெட் வைத்திருந்தவர்களே விளையாட முடியாமல் தவித்தார்கள். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், ஆஃப்லைன் வசதி கொடுத்தார்கள். தி க்ரூ என்ற கார் கேம் கதை இன்னும் மோசம். 2014இல் வந்தது, 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள், தனியாகக் கார் ஓட்டும் பகுதியும் சேர்ந்து செத்தது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களிடம் இப்போது இருப்பது டிஸ்க்தான்.

இப்போது ஸ்டீமில் காசு கட்டும் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள், நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ‘வாங்கு’ என்று எழுதிவிட்டு உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கிவைத்து நெட் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் அந்த இரண்டு பழைய கேம்களும் அந்த இனம். தள்ளுபடி வரும்போது அந்த இனத்தைத்தான் முதலில் தேடுகிறேன், விலை நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும்.

துபராவுக்கு முந்தைய நாள், துறைமுகம் வந்ததும் உள்ளூர் சிம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் உற்சாகம். நான் போய் லேப்டாப்பின் வைஃபையை அணைத்தேன். மறந்து தொலைப்பேன் என்று பயமாக இருந்தது. எஞ்சின் ரூமில் பழுது பார்க்கும்போது சுவிட்சில் மாட்டுவோமே, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே’ என்ற சிவப்பு அட்டை, அதில் ஒன்றை எடுத்துவந்து லேப்டாப் மூடியில் மாட்டினேன். கேபினைச் சுத்தம் செய்ய வந்த மெஸ்மேன் அதைப் பார்த்துவிட்டு, “சார், லேப்டாப் ரிப்பேரா?” என்று கேட்டான்.

“இல்லப்பா, நல்லா ஓடுது. அதான் மாட்டியிருக்கேன்” என்றேன்.