பாய்க்கோடுகள் நெளிந்த நாட்கள்

பிப்ரவரி 12, 2024

வலக்கண்ணால் மட்டும் பார்க்கையில் கணக்கேட்டின் நேர்க்கோடுகள் நடுவில் நெளிகின்றன என்று சொன்னதும், திருநெல்வேலி மருத்துவர் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படம் எடுக்கச் சொன்னார். விழித்திரையின் மையமான மாக்குலா 482 மைக்ரான் அளவுக்குத் தடித்திருந்தது. யுவியைடிஸ் என்னும் கண் உள்ளழற்சியில் நுண்குழாய்கள் கசிவதால் அங்கே நீர் கோத்துவிடுகிறதாம். உடனே மாத்திரை தருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ காசநோய்க்கு மான்டூ தோல் சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும், சிபிலிஸுக்கு இரத்தச் சோதனையும் முதலில் எழுதினார். அழற்சிக்குக் கிருமி காரணமாக இருக்கும்போது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால், அது கிருமிக்கு விருந்து வைத்தது போலாகிவிடும்.

பிப்ரவரி 18

கிருமி இல்லை என்று தெரிந்தபின் தொடங்கிய பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 50 மில்லிகிராமுக்கு இன்று நான்காம் நாள். உறக்கம் போனது, பசி கூடியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 168 ஆனது. ஆனாலும் நெளிவு குறைந்திருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ளக் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பத்தமடைக்காரனுக்குத் தாள் எதற்கு? சுவரில் தொங்கும் கோரைப்பாயின் சிவப்பு, பச்சைக் கோடுகளை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கிறேன்.

ஸ்டீராய்டை நெடுநாள் ஓட்ட முடியாது என்பதால், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம் ஞாயிறுதோறும், ஃபோலிக் அமிலம் மற்ற நாட்களில் என்பது ஏற்பாடு. மருந்துக்கடைப் பையன் உறையில் ‘தினம் 1 வேளை’ என்று எழுதி, “ராத்திரி சாப்பிட்டுட்டுப் போடுங்க, அண்ணாச்சி” என்று நீட்டினான். மகள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால் அப்படியே விழுங்கியிருப்பேன். வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய இந்த மருந்தைத் தினமும் போட்டால், எலும்பு மஜ்ஜை முடங்கி உயிருக்கே ஆபத்தாகும். நாட்காட்டியில் ஞாயிறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28

பிரட்னிசலோன் 10 மில்லிகிராமுக்கு இறங்கியதும் பாயின் கோடுகள் மீண்டும் வளைந்தன. பாதிப் பழி என்னுடையது. பார்வை தெளிந்துவிட்டது என்ற துணிச்சலிலும், குமட்டல் தாங்காமலும், யாரிடமும் சொல்லாமல் இரண்டு ஞாயிறுகளை விட்டுவிட்டேன். மருத்துவர் திட்டவில்லை, அதுதான் உறுத்தியது. மதுரை, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளும் பங்கேற்று 2019-இல் வெளிவந்த ஃபாஸ்ட் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 216 நோயாளிகளிடம் மெத்தோட்ரெக்சேட்டையும் அதே வேலைக்கான மைக்கோஃபீனோலேட் மருந்தையும் ஒப்பிட்டதில் ஒன்று மற்றதைவிட மேல் என்று நிறுவ முடியவில்லை. அவர்கள் பலனை அளந்தது ஆறாம் மாதத்தில். நானோ இரண்டு மாதத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேன். மெத்தோட்ரெக்சேட் அளவை 20 மில்லிகிராம் ஆக்கி, கல்லீரல் சோதனைக்கும் நாள் குறித்தார்.

ஜூன் 24

ஒழுங்காக விழுங்கியும் நீர் முழுதும் வற்றவில்லை. கண்ணுக்குள் வைக்கும் 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டுக் குச்சி ஒரு வழி. ஆனால் ஸ்டீராய்டு சொட்டுக்கே என் கண் அழுத்தம் 31-க்கு ஏறியிருந்ததால் அது வேண்டாம் என்று முடிவாயிற்று. மிஞ்சியது அடலிமுமாப் ஊசி. உடலில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைக் கட்டிப்போடும் இம்மருந்துக்கு, தொற்றில்லாத யுவியைடிஸில் பயன்படுத்த அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் கிடைத்தது. உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் மீண்டும் காசநோய்ச் சோதனை, கூடவே ஹெப்படைட்டிஸ் பி. முதலில் 80 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 40, பிறகு இரு வாரங்களுக்கு ஒருமுறை 40.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. பனிக்கட்டிப் பையில் பட்டுவிடாதபடி ஊசிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, பாபநாசம் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், “மீனாய்யா?” என்று கேட்டார். மீனென்றால் இத்தனை விலைக்கு ஆறு மாதம் சாப்பிட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 19

இன்றைய படத்தில் 291 மைக்ரான். பிரட்னிசலோன் 5 மில்லிகிராமுக்கு வந்துவிட்டது. ஊசியை எப்போது நிறுத்தலாம் என்று கேட்டதற்கு, அழற்சி இல்லாமல் நெடுநாள் கழிந்தபின்தான் அதைப் பேசவேண்டும் என்றார் மருத்துவர். பாயின் கோடுகள் நேராகத்தான் தெரிகின்றன; இடது ஓரத்துப் பச்சைக்கோடு மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. இடக்கண்ணால் பார்த்தாலும் அப்படியே சாய்ந்திருந்ததால், நெய்தவர் கை அங்கே இழுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.