பலாமரம் இருந்த ஸ்லைடு

அந்த ஒரு ஸ்லைடுக்குத்தான் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

இன்று காலை கடலூர் தேவனாம்பட்டினத்தில் புயல் முன்னெச்சரிக்கைக் கூட்டம். பேச வந்தது கல்லூரித் தம்பி ஒருவர். நீலப் பின்னணியில் பச்சை எழுத்து, ஸ்லைடுக்குப் பத்துப் பன்னிரண்டு வரி. திரையைப் பார்த்துத் திரும்பி நின்று அதையே வாசித்தார். வாசிக்கத் தெரிந்தவர்கள் அவருக்கு முன்பே படித்து முடித்துவிட்டு போனை எடுத்தார்கள். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு படம். பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்து கிடக்கும் பலாமரம். கீழே ஒரே வரி: தானே புயல், 30 டிசம்பர் 2011.

வேறு எழுத்தே இல்லை.

"எங்க சித்தப்பா தோப்பும் இப்படித்தான் போச்சு தம்பி" என்றார் பின்வரிசை அக்கா ஒருவர். அவ்வளவுதான். ஓடு பறந்தது, கரண்ட் வராமல் கிடந்தது, படகை எங்கே இழுத்துக் கட்டினோம் என்று கூட்டமே பேச ஆரம்பித்துவிட்டது. தம்பி சொல்லவேண்டியதில் பாதியை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

நம்மில் பலர் ஸ்லைடை நமக்கான பிட் பேப்பராக வைத்திருக்கிறோம். பவர்பாயிண்ட்டில் அதற்கென்றே கீழே நோட்ஸ் பகுதி இருக்கிறது. பிரசென்டர் வியூ போட்டால் அது பேசுபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். (தமிழில் எழுதினால் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். நம் எழுத்துக்கு மேலே சுழி, கீழே வால்.)

இன்னொன்று. ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'B' எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும். ஆட்கள் பேச ஆரம்பித்தால் முதலில் அதைத் தட்டுங்கள்.