அப்பாவின் தகர அச்சுகள்

கோண்டாவிலில் எங்கள் பட்டறையில் இப்போது அதிகம் செய்வது தூள் வறுக்கிற டிரம்தான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் வறுபட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பதம். இணுவிலில் வீட்டிலேயே தூள் செய்து விற்கிற ஓர் அன்ரி வந்து, "அண்ணை, செத்தல் பதமாத்தான் வருது. அள்ளி எடுக்கிறதுக்குள்ள அடியில கிடக்கிறது கருகிப்போகுது" என்றார். சூடான இரும்பில் கிடந்தால் அடுப்பை நிறுத்தியும் பயனில்லைதானே. அப்பா டிரம்மை ஒரு கைபிடியால் முன்பக்கம் சரிக்கிற மாதிரி மாற்றினார். இப்போது எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும்.

குறையைக் கேட்டவர், முடிவெடுத்தவர், வெல்டிங் பிடித்தவர் மூவரும் ஒரே ஆள். குடும்பப் பட்டறையின் பலமே அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா தொழில் பழகியது 1990க்குப் பிறகு, போரால் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில். துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். தண்ணீர்ப் பம்புக்கு உதிரிப்பாகம் வராது, கிடைத்த இரும்பில் கடைந்துதான் போட வேண்டும். 2002இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து எல்லாம் வந்தன. கொழும்பில் கிடைக்காததைச் செய்ததால்தான் நாங்கள் நின்றுபிடித்தோம்.

ஆனால் இவ்வளவு அறிவுக்கும் ஒரு வரைபடம் கிடையாது. சுவரில் தகரத்தில் வெட்டிய அச்சுகள் தொங்குகின்றன. எது எதற்கு என்று அப்பாவுக்கு மட்டுமே தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு கைத்தொழில் வடிவமைப்பைப் பதிந்தால் 5 வருடப் பாதுகாப்பு. இரண்டு முறை புதுப்பித்து 15 வருடம் வரை கொண்டுபோகலாம். தோற்றத்துக்கு மட்டும்தான், சரிக்கிற முறைக்கு அல்ல. சரி, எதைப் பதிவதென்றாலும் முதலில் அது தாளில் இருக்க வேண்டுமே!

அதனால் பின்னேரங்களில் நான் கணினியில் வரைகிறேன். அப்பா அங்குலமும் நூலும் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) சொல்வார், நான் மில்லிமீற்றரையும் பக்கத்தில் எழுதுவேன். கைபிடி ஏன் இடப்பக்கம் என்று கேட்டேன். "வலக்கையில அகப்பை இருக்குமெல்லோ பிள்ளை" என்றார். அதையும் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்தது ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா, அரைக்கிற மில்.